யாதம்மா கொண்டுவந்த தண்ணீர்

அய்யா,

நீ வீட்டை விட்டுப் போய் மூன்று வாரம் ஆகிறது. நடுவில் ஒரு நாள், நான் போவன்பள்ளி மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போயிருக்கும் நேரம் பார்த்து வந்து, நாலு சட்டையையும் லேப்டாப் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். "பத்து நிமிஷம்கூட இருக்கல. ஒரு வாய் சாப்பிடுடான்னேன். நக்கோப்பா, வேண்டாம்ன்னுட்டுப் போயிட்டான்" என்று உன் அப்பா சொன்னார். நான் காய்ப்பையைக் கீழே வைத்துவிட்டு உன் அறைக்குள் போய்ப் பார்த்தேன். அலமாரிக் கதவைச் சரியாக மூடிவிட்டுப் போயிருந்தாய். கோபத்தில் போகிறவன் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போவான். இப்படி ஒழுங்காக மூடிவிட்டுப் போகிறவன் திரும்பி வரும் உத்தேசம் இல்லாதவனோ என்று அன்றிலிருந்து எனக்கு ஒரு பயம்.

என் போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். அதனால் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்று தெரியும். தெரிந்துதான் தமிழில் எழுதுகிறேன். என் வேலையில் நான் எழுதியதெல்லாம் ஆங்கிலம். பொய்யும் இல்லாமல் உண்மையும் இல்லாமல் ஒரு வாக்கியத்தை எப்படி நிறுத்துவது என்று அந்த மொழியில் எனக்குக் கை பழகிவிட்டது. தமிழில் அந்தப் பழக்கம் இல்லை. மெதுவாகப் படி. புரியாத இடத்தில் அப்பாவிடம் கேள், அவரிடம்தான் பேசுகிறாயே. இதன் ஒரு பிரதியை வெளியே அச்சுக்கும் கொடுக்கப்போகிறேன். உன் பெயர், என் பெயர், கம்பெனி பெயர் எதுவும் இதில் இல்லை. கையெழுத்துப் போடும் வேலையில் இருக்கிற பிள்ளைகள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் நீ எனக்கு ஒரு போட்டோ அனுப்பினாய். பழைய ரிப்போர்ட் ஒன்றின் கடைசிப் பக்கம். கீழே என் கையெழுத்து. "அம்மா, நீ சைன் பண்ணினது! என் ரிப்போர்ட்டோட பின்னிணைப்புல வருது. நம்ம ரெண்டு பேர் சைனும் ஒரே புக்ல மா" என்று ஒரு குரல் செய்தியும் கூட வந்தது. உன் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். நகரத்துக்கு வெளியே இருக்கிற ஒரு மருந்து மூலப்பொருள் தொழிற்சாலையை இரண்டு மடங்காகப் பெரிதாக்கப் போகிறார்கள், அதற்குச் சுற்றுச்சூழல் அறிக்கை தயாரிக்கும் பொறுப்பு உன் ஆபீசுக்கு வந்திருக்கிறது, நீதான் அதை எழுதுகிறாய் என்று எனக்குத் தெரியும். எந்தத் தொழிற்சாலை என்று நான் கேட்டிருக்கவில்லை. அந்தப் போட்டோவில் ஊர் பெயரைப் படித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பால் பாதி காய்ந்தபடி நின்றது. "அன்றைக்கும் தண்ணீர் நன்றாக இருந்தது, இன்றைக்கும் நன்றாக இருக்கிறது, ஆகவே தொழிற்சாலையால் கெடுதல் இல்லை" என்று போட்டோவோடு அனுப்பிய உன் அறிக்கைப் பக்கத்தில் நீ எழுதியிருந்தாய். உன் 'ஆகவே' முழுக்க என் கையெழுத்தின் மேல் நின்றுகொண்டிருந்தது.

நான் நாச்சாரத்தில் ஒரு தனியார் லேப்பில் வேலை பார்த்தது உனக்குத் தெரியும். அங்கே என்ன செய்தேன் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. தொழிற்சாலைகள் தங்களைச் சுற்றியுள்ள ஊர்களின் தண்ணீரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதித்து அரசுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அந்தச் சோதனையைச் செய்து கொடுப்பது எங்கள் லேப். திருநெல்வேலியில் எம்.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு, கல்யாணமாகி, பாலாநகரில் மத்திய அரசுத் தொழிற்சாலையில் வேலை பார்த்த உன் அப்பாவோடு இங்கே வந்தவள் நான். தெலுங்கு ஒரு சொல் தெரியாது. பஸ்ஸில் ஏறி எங்கே இறங்குவது என்றே தெரியாமல் இருந்தவளை அந்த லேப் ஒரு ஆளாக்கியது. கையெழுத்துப் போடும் தகுதி எனக்கு வந்தபோது, அங்கே அந்த இடத்துக்கு வந்த முதல் பெண் நான்தான். அதில் எனக்கு இருந்த பெருமையையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பெருமையும் சேர்ந்துதான் என்னைக் கெடுத்தது.

அங்கே பாட்டில் கழுவும் வேலையில் இருந்தவள் யாதம்மா. என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். அந்தத் தொழிற்சாலையை ஒட்டிய ஊர்க்காரி. இரண்டு பஸ் மாறி வருவாள். எனக்குத் தெலுங்கு கற்றுக்கொடுத்ததே அவள்தான். நான் தப்பாகப் பேசினால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். உனக்கு அம்மை போட்டு நான் பத்து நாள் லீவில் இருந்தபோது, வேப்பிலை எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் நான் தவிப்பேன் என்று, அவள் ஊரிலிருந்து ஒரு கட்டு ஒடித்துக்கொண்டு நம் வீட்டு வாசலில் கொடுத்துவிட்டுப் போனாள். உள்ளே வரச் சொன்னேன். "ஒத்து மேடம், வேணாம். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத வீடு" என்று படியிலேயே நின்றாள். உனக்கு நினைவிருக்காது.

நீ எட்டாவது படித்துக்கொண்டிருந்த வருஷம். ஒரு நாள் காலையில் யாதம்மா ஒரு பாட்டிலோடு என் மேஜை அருகில் வந்து நின்றாள். கழுவிக் காயவைத்த எங்கள் லேப் பாட்டில். எப்படிச் சாம்பிள் எடுக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டவள், மூன்று முறை அலம்பி, கழுத்து வரை நிரப்பி, மூடியின் மேல் துணி கட்டிக் கொண்டுவந்திருந்தாள். "மேடம், மா ஊரு நீள்ளு, எங்க ஊர்த் தண்ணி. ஒரு வாசனை வருது. நம்ம மெஷின்ல போட்டுப் பாக்கறீங்களா?" என்றாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் போட்டுப் பார்த்தேன். வேதியியல் உனக்கும் தெரியும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். மருந்து செய்யும்போது பொருள்களைக் கரைக்கப் பயன்படுத்தும் கரைப்பான்கள் அதில் இருந்தன. உப்பு எல்லை தாண்டி இருந்தது. உலோகங்களும் இருந்தன. எந்த மண்ணும் தானாக அப்படி ஒரு தண்ணீரைத் தராது. இரண்டாம் முறையும் போட்டேன். அதேதான் வந்தது. லேப் நோட்டில் எழுதி வைத்தேன்.

அதே வாரம் அதே ஊருக்கான ரிப்போர்ட் என் கையெழுத்துக்குக் காத்திருந்தது. தொழிற்சாலை ஆட்கள் காட்டிய கிணற்றிலிருந்து எங்கள் வண்டி எடுத்துவந்த சாம்பிள். எல்லாம் எல்லைக்குள் இருந்தது. அந்தக் கிணறு மேட்டில் இருக்கிறது, தொழிற்சாலைக் கழிவு எட்டாத பக்கம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். யாதம்மாவின் சோதனைத் தாளை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். அவர் கத்தவில்லை. கெட்டவரும் இல்லை. தாளைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இந்தச் சாம்பிளை அனுப்பியது யாரும்மா? நமக்குப் பதிவு இருக்கிறதா? பதிவில்லாத சாம்பிளுக்கு ரிப்போர்ட் கிடையாது, உங்களுக்கே தெரியும். அடுத்த மாதம் அங்கீகாரத்துக்கு ஆய்வு வருகிறது. இந்த நேரத்தில் நோட்டில் இப்படி ஒரு பக்கம் இருக்க வேண்டாம்" என்றார். அவ்வளவுதான். யாரும் என்னை மிரட்டவில்லை. வேலையை விட்டு எடுப்பேன் என்று சொல்லவில்லை. நான் என் இடத்துக்கு வந்து, நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். காத்திருந்த அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கவில்லை. இத்தனை வருஷமாக நான் வெட்கப்படுவது அதற்குத்தான்.

சாயங்காலம் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்த யாதம்மா கேட்டாள். "நீள்ளு மஞ்சிகுன்னயா மேடம்?" தண்ணீர் நல்லதுதானா என்று. அவள் கற்றுக்கொடுத்த தெலுங்கிலேயே நான் பதில் சொன்னேன். "மஞ்சிகுன்னயி யாதம்மா. தாகொச்சு." நல்லதுதான், குடிக்கலாம். வாசனைக்கு இரும்புக் குழாய் காரணமாக இருக்கும் என்றும் சேர்த்துச் சொன்னேன். அவள் முகம் தெளிந்துவிட்டது. "மீரு சூசினாக்க இங்கா ஏமுன்னதி" என்று சிரித்தாள். நீங்களே பார்த்த பிறகு இன்னும் என்ன என்று அர்த்தம். நான் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடித்து உன் பள்ளி ஆண்டு விழாவுக்கு வந்துவிட்டேன். நீ மேடையில் ஒரு தெலுங்குப் பாட்டுக்கு ஆடினாய். நான் கை தட்டினேன்.

அது ஒன்றும் திடீரென்று வந்ததில்லை அய்யா. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் மூன்று பேரும் ஸ்கூட்டரில் ஒரு ஏரிக்கரைக்குப் போனோம். கரை முழுக்க மீன்கள் செத்து வெள்ளையாகக் கிடந்தன. நீ மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஏன் மா எல்லாம் செத்துப்போச்சு?" என்று கேட்டாய். எனக்குத் தெரியும். அந்த ஏரிக்கு வரும் ஓடையில் டேங்கர் லாரிகள் எதைக் கொட்டுகின்றன என்று எங்கள் லேப்பில் எல்லாருக்குமே தெரியும். நான், "வெயில் காலத்தில் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துவிடும், மீனுக்கு மூச்சு முட்டும்" என்றேன். நீ அதை அப்படியே பிடித்துக்கொண்டாய். மீன் தொட்டி மோட்டாரை வைத்து, ஏரிக்கு மூச்சுக் கொடுக்கும் மாதிரி ஒன்றைச் செய்து, பள்ளிக் கண்காட்சியில் பரிசு வாங்கினாய். "ஏரியெல்லாம் சரி பண்ணப்போறேன்" என்று சொல்லித்தான் இந்தப் படிப்புக்குப் போனாய். நீ எந்தப் பாதியைக் கேட்டு இந்த வழிக்கு வந்தாயோ, அதன் மறு பாதியை நான் உனக்குச் சொல்லவே இல்லை.

போட்டோ வந்த மறுநாள் உன்னைக் கூப்பிட்டு இதையெல்லாம் சொன்னேன். நீ முழுக்கக் கேட்டாய். பிறகு, "அம்மா, இத யார்கிட்டயும் சொல்லாத. நான் பின்னிணைப்புலேர்ந்து அந்தப் பேப்பர எடுத்துடறேன். வேற ஏதாவது வெச்சுக்கறேன். லைட் லேலோ மா, பெருசா எடுத்துக்காத" என்றாய். எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாய். ஒரு முழு நாள் நான் அதில் நிம்மதியாகக்கூட இருந்தேன். தாள் போய்விட்டால் சரி என்று. மறுநாள் காலையில் குடத்தை நிரப்ப வடிகட்டும் மிஷினைத் திறந்தபோதுதான் உறைத்தது. தாளை எடுத்துவிடலாம். அந்த ஊர்த் தண்ணீரை எங்கே எடுத்துவைப்பது?

உன் அப்பாவிடம் அன்றுதான் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். "இத்தனை வருசம் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்றார் முதலில். அடுத்து, "பிள்ளைக்கு இப்பத்தான் ஒரு பேரு வருது. அவன் பொழப்பக் கெடுத்துராத" என்றார். நான் செருப்பை மாட்டினேன். "எங்க போற?" "யாதம்மா ஊருக்கு." எழுந்து சட்டையை மாட்டினார். பிறகு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

அந்த ஊர் இப்போது நான் நினைத்த மாதிரி இல்லை. ரிங் ரோடு பக்கத்திலேயே போகிறது. அடுக்குமாடி வீடுகளுக்குத் தூண் எழுப்பியிருக்கிறார்கள். அந்த வீடுகள் எந்தத் தண்ணீரைக் குடிக்கப்போகின்றனவோ. தொழிற்சாலைச் சுவரை ஒட்டிய தெருவில் யாதம்மா வீடு. லேப்பை விட்டு அவள் நின்று பல வருஷமாகிறது. தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "மேடம்!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் புருஷன் கட்டிலில் சாய்ந்திருந்தார். இரண்டு சிறுநீரகமும் போய், வாரத்துக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருகிறார். அது இந்தத் தண்ணீரால்தான் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தெருவில் அப்படி எத்தனை பேர் என்று அவள் விரலை மடக்க ஆரம்பித்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளே போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். போர் தண்ணீர். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். அந்த வாசனை வந்தது. என்னால் வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று நடந்ததையெல்லாம் அப்படித்தான் சொன்னேன், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே.

நாங்கள் தெலுங்கில்தான் பேசினோம். நான் முடித்ததும் அவள் என்னைத் திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. "மேடம், உங்களுக்கு ஒண்ணு தெரியுமா?" என்றாள். "அப்போ எங்க தெருவுல நாலஞ்சு வீட்டுக்காரங்க சந்தேகப்பட்டு, பக்கத்து ஊருலேர்ந்து சைக்கிள்ல தண்ணி எடுத்துட்டிருந்தாங்க. நான்தான் அவங்க வீடு வீடா போய்ச் சொன்னேன். எங்க லேப் மேடம் மெஷின்ல போட்டுப் பாத்துட்டாங்க, நல்ல தண்ணின்னு. நான் சொன்னதாலதான் நிறுத்தினாங்க." என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். கட்டிலில் இருந்தவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவரைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள், "இப்ப நான் அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?" அய்யா, ஒரு பொய்யைச் சொன்னால் அது நம்மோடு நிற்கும் என்று நினைத்திருந்தேன். அது அவள் காலில் ஏறி வீடு வீடாகப் போயிருக்கிறது. அவள் நல்லவள் என்பதால் எல்லாரும் நம்பியிருக்கிறார்கள்.

கிளம்பும்போது அவள் இன்னொன்றும் கேட்டாள். "நீங்க பேசினா கம்பெனிய மூடிடுவாங்களா? என் பெரியவன் அங்கதான் கான்ட்ராக்ட்ல இருக்கான்." மூட வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்படியே இருக்கட்டும் என்றும் சொல்ல முடியவில்லை. அங்கே செய்கிற மருந்தில் யாரோ பிழைக்கிறார்கள், அதுவும் உண்மை. கழிவைச் சுத்தம் செய்யச் சட்டம் இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. சரியாகச் செய்தார்களா என்று பார்க்க வேண்டியவருக்கு அவர்களே சம்பளம் கொடுக்கும்வரை அந்த இயந்திரம் யாராவது பார்க்க வரும் நாளில்தான் ஓடும். நான் இருபது வருஷம் அந்தச் சம்பளத்தில் சாப்பிட்டவள். உன் ஆபீஸ் அறிக்கைக்கும் பணம் கொடுப்பது அந்தத் தொழிற்சாலைதான். இதை நீ கல்லூரியில் படித்திருக்க மாட்டாய்.

தொழிற்சாலையைப் பெரிதாக்குவது பற்றி ஊராரிடம் நடத்தும் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நான் வருவேன் என்று உனக்கு முதல் நாளே செய்தி அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் வரவில்லை. ஷாமியானாவில் முன் வரிசை முழுக்கக் கம்பெனி பஸ்ஸில் வந்தவர்கள். யாதம்மாவின் பெரிய மகனும் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். அவள் எனக்குப் பக்கத்தில், பெண்கள் வரிசையில். நீ மேடையில் நின்று தெலுங்கில் அழகாகப் பேசினாய். எனக்கே தெரியாமல் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், கேவலம். பின்னிணைப்பில் என் ரிப்போர்ட் அப்படியேதான் இருந்தது. எடுத்துவிடுகிறேன் என்றாய். உன் மேலதிகாரி விடவில்லை என்று அப்பா பிறகு சொன்னார்.

என் முறை வந்தது. மைக்கைப் பிடித்துப் பெயரைச் சொன்னேன். நான் யார், எந்த லேப், என்ன செய்தேன், எந்தப் பக்கத்தைக் கிழித்தேன் எல்லாம் சொன்னேன். முன் வரிசையில் கூச்சல் போட்டார்கள். மேடையில் இருந்த அதிகாரி, "ஆதாரம் இருக்கா அம்மா?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். "கிழிச்சதே நான்தான் சார். எங்கிட்ட எப்படி இருக்கும்?" என்றேன். சிரித்தார்கள். பிறகு ஸ்பீக்கரில் உன் குரல் வந்தது. "மேடம், டைம் ஆகுது. ப்ளீஸ் முடிச்சுக்கோங்க." தெலுங்கில் சொன்னாய். நீ பிறந்த நாளிலிருந்து என்னை யாரோபோலக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் மைக்கை வைத்துவிட்டேன். எனக்குப் பிறகு யாதம்மா எழுந்தாள். அந்த நாலஞ்சு வீட்டுக் கதையை, தானே வீடு வீடாகப் போய்ச் சொன்னதை, தன் ஊர் முன்னால், தன் மகன் முன்னால் சொன்னாள். அவளைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அவள் மகன் எழுந்து வெளியே போய்விட்டான்.

கார்கள் நிற்கும் இடத்தில் நீ என்னிடம் வந்தாய். முகம் வெளிறியிருந்தது. "ஏன் மா? நான் எடுத்துடறேன்னு சொன்னேன்ல? அவங்க முன்னாடி என்ன ஏன் மா இப்படிப் பண்ணின?" என்றாய். எட்டாவது படிக்கும் பையனின் குரல் அது. நான் உன் கையைப் பிடிக்க வந்தேன். நீ கையை இழுத்துக்கொண்டாய். அப்பா ஸ்கூட்டர் பக்கத்தில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு யார் பக்கம் வருவது என்று தெரியவில்லை.

அதன் பிறகு நல்லது எதுவும் நடக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். யாதம்மாவின் மகனை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவன் அம்மாவோடு பேசுவதில்லை. தெருவில் பாதிப் பேர் பழையபடி பக்கத்து ஊருக்குத் தண்ணீருக்குப் போகிறார்கள். அங்கேயும் இப்போது அந்த வாசனை வருகிறதாம். மீதிப் பேர் வேறு வழியில்லாமல் அதையே குடிக்கிறார்கள். இரண்டு பெண்கள் என்னை போனில் கூப்பிட்டு, "சரி மேடம், எந்தத் தண்ணியைக் குடிக்கறது, அதைச் சொல்லுங்க" என்றார்கள். அரசு ஆபீசுக்கு மூன்று மனு கொடுத்தேன். ரசீது இருக்கிறது. நான் வேலை பார்த்த லேப் இப்போது இல்லை. முதலாளியும் இல்லை. கேட்க ஆள் இல்லாத குற்றத்துக்கு நான் ஒருத்திதான் மிச்சம்.

இப்போது உன்னிடம் வருகிறேன். கூட்டத்தில் எழுந்த ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் பதில் எழுதி, இறுதி அறிக்கையில் சேர்க்க வேண்டும். அந்தப் பதில்களை எழுதி, கீழே கையெழுத்துப் போடுவது நீ. என் ஆட்சேபத்துக்கும் நீதான் பதில் எழுத வேண்டும். என்ன எழுதச் சொல்லி உன் ஆபீசில் சொல்கிறார்கள் என்று நேற்று அப்பாவிடம் போனில் சொன்னாயாம். அவர் என்னிடம் சொல்ல மாட்டார் என்று நினைத்திருப்பாய். அவர் சொல்லாமல் இருக்கத்தான் பார்த்தார். சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கேட்டதும் சொல்லிவிட்டார். "ஆட்சேபம் தெரிவித்தவர் வயதானவர், நினைவு தெளிவாக இல்லை, அவர் கூற்றுக்கு ஆதாரமில்லை." இதுதானாமே அந்த வாக்கியம். நல்ல வாக்கியம். நானும் இப்படித்தான் எழுதியிருப்பேன்.

புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? தொழிலில் கற்ற ஒன்றை மட்டும் சொல்கிறேன். எண்ணை நம்பாதே, தண்ணீரை எங்கே மொண்டார்கள் என்று கேள். மெஷின் பொய் சொல்லாது. பாட்டிலை எந்தக் கிணற்றில் நிரப்புகிறோம் என்பதிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது. உன் அறிக்கையின் சாம்பிளையும் மேட்டுக் கிணற்றில்தான் எடுத்திருக்கிறார்கள்; அதன் வரைபடத்தில் பார்த்தேன். நீ ஒருமுறை அந்தத் தெருவுக்குப் போ. கம்பெனி வண்டியில் போகாதே. கீழ்ப்புறத்துப் போர் பம்பை நீயே அடி. நீயே நிரப்பு. உனக்கு நம்பிக்கையான லேப்பில் நீயே நின்று சோதி. நான் சொன்னது பொய்யாக இருந்தால் என்னைப் பற்றி எதை வேண்டுமானாலும் எழுது, நான் பேச மாட்டேன்.

ஆனால் போகாமல் எழுதிவிடாதே. அதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். வேலை போகும், பெயர் போகும், அடுத்த கம்பெனியில் கேட்பார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். நான் உனக்குப் பாதுகாப்பான வழி எதையும் காட்டவில்லை, என்னிடம் அப்படி ஒன்று இல்லை. நான் அந்தப் பக்கத்தைக் கிழித்தபோது இது ஒரு நாள் வேலை, நாளைக்கு மறந்துவிடும் என்று நினைத்தேன். மறக்கவில்லை. நீ தூங்கும்போது உன் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போன எத்தனையோ காலைகள் உனக்குத் தெரியாது. அன்றைக்கு ஒருத்தர் என்னிடம் வந்து, வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். ஒருவேளை அப்போதும் கையெழுத்துப் போட்டிருப்பேன். அதனால்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன், பயத்தில்.

வெள்ளிக்கிழமை அறிக்கை போகிறது என்றார் அப்பா. என்னை நினைவு தவறியவள் என்று நீ எழுதினாலும், நீ வந்தால் கதவைத் திறப்பேன். தோசை ஊற்றுவேன். எதுவும் கேட்க மாட்டேன். நான் மன்னித்துவிடுவேன் என்று உனக்கும் தெரியும்.

அந்தத் தைரியத்தில் எழுதிவிடாதே அய்யா.

அம்மா